பத்தொன்பது வருடச் சோம்பல்

ராயப்பன்பட்டியில் சகாயராணி என்ற பெயரில் மூன்று பெண்கள் இருந்தார்கள். ஒருத்தி டீச்சர். ஒருத்தி தையல் மிஷின் வைத்திருப்பவள். மூன்றாவது சகாயராணியை அடையாளம் சொல்ல ஊரார், “ஸ்கூல் பஸ் ஓட்டுறாகள்ல ஆரோக்கியசெல்வம், அவுக சம்சாரம்” என்று ஆரம்பிப்பார்கள். கேட்பவருக்குப் பிடிபடவில்லை என்றால், “அதாம்ப்பா, எந்நேரமும் படுத்தே கெடக்கும்ல” என்பார்கள். உடனே பிடிபட்டுவிடும்.

இது அவளுக்கும் தெரியும். மாவு மில்லில் ஒருநாள் தன் முதுகுக்குப் பின்னால் அதைக் காதாரக் கேட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை. கோபப்படுவதற்குக்கூட உடம்பில் ஏதோ ஒன்று மிச்சமிருக்க வேண்டும் போலிருக்கிறது. அவளிடம் அது இல்லை. மாவு அரைத்து முடிகிறவரை நிற்க முடியாமல் மில் வாசலில் கிடந்த காலிச் சாக்கின் மேல் உட்கார்ந்துகொண்டாள். அப்படி உட்கார்ந்ததையும் நாலு பேர் பார்த்தார்கள்.

கல்யாணத்துக்கு முன்னால் அவளைப் பார்த்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள். பிறந்த ஊர் கூடலூர். பதினெட்டு வயதிலேயே விடியுமுன் ஜீப்பில் தொற்றிக்கொண்டு குமுளிக்கு அந்தப் பக்கம் ஏலத்தோட்ட வேலைக்குப் போனவள். மழையில் நனைந்துகொண்டே காய் பறித்து, அட்டை கடித்த காலோடு இறங்கி வந்து, அதற்கப்புறம் வீட்டில் ஏழு பேருக்குச் சோறாக்குவாள். ராயப்பன்பட்டிக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பிறகு திராட்சைத் தோட்டத்தில் கொடி வெட்டிவிடும் கவாத்து வேலை. நல்ல உயரம் என்பதால் பந்தலுக்குக் கை எட்டும். மூத்தவன் அருண் ஜோசப்பைக் கைக்குழந்தையாகத் தோட்டத்துக்கே தூக்கிப் போய், வரப்பில் தொட்டில் கட்டிப் போட்டுவிட்டு வேலை பார்த்தாள்.

இரண்டாவது பிரசவம் 2005-இல். அப்போது அவளுக்கு இருபத்தேழு வயது. பெண் குழந்தை சிரமமில்லாமல் பிறந்தது. நஞ்சுக்கொடிதான் கழன்று வரவில்லை. கழன்றபோது ரத்தம் நிற்கவில்லை. பாய், சேலை, தரை எல்லாம் நனைந்து, வீட்டிலிருந்து வேனில் தூக்கிப் போட்டு தேனிக்குக் கொண்டுபோய், நாலு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். இரண்டு நாள் நினைவில்லை. கண்விழித்தபோது ஆரோக்கியசெல்வம் கட்டில் காலைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்திருந்தான். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்: “பொழச்சதே பெரிசு.”

அந்த வார்த்தைக்கு அப்புறம் வேறெதையும் குறையாகச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. பால் ஊறவில்லை. மூத்தவனுக்கு ரவிக்கை நனைந்து வழிந்தது. இந்தப் பிள்ளைக்கு ஒரு சொட்டு இல்லை. அடுத்த வீட்டில் இருந்த ஆரோக்கியசெல்வத்தின் அக்கா பாக்கியம் பூண்டைப் பாலில் வேகவைத்துக் கொடுத்தாள், சுறாப்புட்டு செய்துகொடுத்தாள். ஒன்றும் நடக்கவில்லை. “ரத்தம் பூரா போயிருச்சுல்ல ராணி, பாலு எங்கிட்டிருந்து வரும்? பவுடரைக் கரைச்சு ஊத்து” என்று பாக்கியமே முடிவுகட்டினாள். அதற்குப் பிறகு மாதவிலக்கும் வரவில்லை. ஒரு வருடம் பார்த்தாள், இரண்டு வருடம் பார்த்தாள். முதலில் ஒரு தொல்லை விட்டது என்றுதான் இருந்தது. பிறகு முப்பது வயதுகூட ஆகாமல் இப்படி நின்றுபோனதை வெளியில் சொல்ல வெட்கமாகிவிட்டது. யாரும் கேட்கவும் இல்லை.

குழந்தைக்கு ஞானஸ்நானத்தில் தெரேசா என்று பெயர். அண்ணன்காரன் ஆசைப்பட்டு திரிஷா என்று கூப்பிட, ஊரும் அப்படியே கூப்பிட்டது.

சோர்வு ஒரேநாளில் வரவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்து உட்கார்ந்தது. உலையில் அரிசி போட்டுவிட்டுப் படுப்பாள். குழம்புக்குப் புளி கரைத்துவிட்டு இன்னொரு தடவை படுப்பாள். ஒரு வாளித் துணியைத் துவைக்க அரைநாள் பிடிக்கும். சித்திரை வெயிலில் ஊரே விசிறிக்கொண்டிருக்கையில் அவள் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். தோல் காய்ந்து மாவு பூத்தது. புருவத்தின் ஓரம் உதிர்ந்தது. குரல் தடித்தது. ஃபோனில் பேசினால் அருண் ஜோசப்பே, “அப்பா, அம்மாகிட்ட குடுங்க” என்பான்.

ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இல்லை. கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என்று மாறி மாறிப் போனார்கள். ரத்தம் குறைவு என்று சத்து மாத்திரை கொடுத்தார் ஒருவர். இரண்டு இடத்தில் தைராய்டுக்கு டெஸ்ட் எடுத்தார்கள். இரண்டு தடவையும் சரியான அளவு என்று தாளில் வந்தது. “மனசுல எதையும் போட்டுக் கொழப்பிக்கிறீங்களா?” என்று கேட்டு இன்னொருவர் தூக்க மாத்திரை எழுதினார். ஏற்கெனவே பதினாலு மணிநேரம் தூங்குகிறவளுக்குத் தூக்க மாத்திரை.

ஒவ்வொரு ரிப்போர்ட்டும் ‘நார்மல்’ என்று வரும்போது மற்றவர்களுக்கெல்லாம் நிம்மதி, அவளுக்கு மட்டும் இல்லை. நோய் என்று ஒன்று இருந்தால் மருந்து இருக்கும். நோயே இல்லை என்று காசு கொடுத்து எழுதி வாங்கிக்கொண்டு வந்தால், வீட்டில் விழுந்து கிடப்பதற்கு வேறு என்ன பெயர்? பாக்கியம் அதை ஒளிக்காமல் சொன்னாள். “டாக்டரே ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாக. இனி எந்திரிச்சு நடமாடுறது ஒன் கையிலதான் இருக்கு.” அவள் கெட்டவள் இல்லை. அந்த வீட்டுக்கு அவள் ஆக்கிப்போட்ட சோறு எத்தனையோ நாள். ஆனால் ஆக்கிப்போட்டுவிட்டு அதைச் சொல்லாமல் போகவும் மாட்டாள்.

சகாயராணியே அதை நம்பிவிட்டாள் என்பதுதான் கொடுமை. சின்ன வயதில் ஞானோபதேச வகுப்பில் தலையான பாவங்கள் ஏழு என்று படித்திருக்கிறாள், ஏழாவது சோம்பல். மாதாமாதம் கோவிலில் பாவசங்கீர்த்தனக் கூண்டுக்கு முன் முழங்காலிட்டு, “சோம்பலா இருந்தேன் சாமி” என்று சொல்வாள். சாமியார்கள் மாறி மாறி வந்தார்கள். பாவம் மாறவில்லை. ஒவ்வொருவரும் பத்து ‘அருள்நிறைந்த மரியே’ ஜெபம் சொல்லச் சொல்லி அனுப்புவார்கள். அவள் பெஞ்சில் உட்கார்ந்து ஆரம்பிப்பாள், ஆறாவதில் தூங்கிவிடுவாள்.

ஆரோக்கியசெல்வம் ஒருநாளும் கை நீட்டியதில்லை, வைததில்லை. ஒரு கட்டத்தில் கட்டிலை முன்னறைக்கு மாற்றிப் போட்டுக்கொண்டான். ஏன் என்று அவள் கேட்கவில்லை. ஏன் என்று அவனும் சொல்லவில்லை. கல்யாணம், காதுகுத்து என்று யாராவது கூப்பிட வந்தால் அவளுக்கு முன்பாகவே, “அவளுக்கு முடியாது. நான் வந்துர்றேன்” என்று பதில் சொல்லிவிடுவான். அன்பாகத்தான் சொல்வான். வைதிருந்தாலாவது எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். அன்பாகச் சொல்கிறவனிடம் என்ன பேசுவது? வீட்டில் எல்லாமே அவள் இல்லாமலே நடக்கும்படி அமைந்துவிட்டது. அவளுக்கென்று மிஞ்சியது ஒரு பாயும், பின்னறைச் சுவரும்தான். சுவரில் காரை பெயர்ந்த இடத்தின் வடிவம் அவளுக்கு மனப்பாடம்.

வீட்டைத் தூக்கி நிறுத்தியது திரிஷா. நாலாம் வகுப்பிலேயே முக்காலி மேல் ஏறி நின்று சோறு வடித்தவள். ப்ளஸ் டூவில் நல்ல மார்க். மதுரையில் நர்சிங் படிக்க இடம் கிடைத்தது. கடிதம் வந்த அன்று அதை இரண்டாக மடித்து பைபிளுக்குள் வைத்தாள். “அப்பா காலைல அஞ்சரைக்கு பஸ் எடுக்கப் போயிர்றாக. அண்ணன் திருப்பூர்ல. ஒன்னைய யாரு பாக்குறது?” என்றாள். கேள்வி மாதிரி இல்லை. பதிலுக்கு நிற்கவும் இல்லை. அடுத்த மாதம் உத்தமபாளையத்தில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடும் வேலைக்குச் சேர்ந்தாள். போடீ, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லத்தான் சகாயராணிக்கு ஆசை. சொன்னால் அது பொய். படுத்தபடியே மகளின் செருப்புச் சத்தம் தெருவில் தேய்ந்து போவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

போன வருடம் ஆவணியில் சின்னமனூரில் புதிதாக ஒரு டாக்டர் வந்திருக்கிறார் என்று திரிஷாதான் கூட்டிப்போனாள். அவர், இதற்கு முன்பு யாரும் எடுக்காத இன்னொரு தைராய்டு டெஸ்டையும் எடுத்துப் பார்த்தார். அதில் குறைவு என்று வந்தது. “இவ்வளவு குறைவா இருக்கு, இதை எப்படி விட்டாங்க?” என்று மாத்திரை எழுதினார். வெறும் வயிற்றில் தினமும் ஒன்று. பஸ்ஸில் திரும்பி வரும்போது சகாயராணி மருந்துச் சீட்டைக் கையிலேயே வைத்திருந்தாள். சோம்பல் இல்லை, நோய். பாக்கியம் வீட்டு வாசலில் நின்று, “மதினி, தைராய்டாம்” என்றாள். கோவில் திருவிழாச் செய்தி சொல்வது போல இருந்தது அந்தக் குரல்.

முதல் நாலு நாள் ஏதோ விறுவிறுப்பு தெரிந்தது. இரண்டாவது வாரம் சோறு இறங்கவில்லை. மூன்றாவது வாரம் லேசாகக் காய்ச்சல் கண்டது, வாந்தி தொடங்கியது. மாத்திரை பிடிக்கிற வரைக்கும் அப்படித்தான் இருக்கும் என்று பாக்கியம் சொன்னாள். ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், குளியலறைக்குப் போக எழுந்தவளுக்குச் சுவர் சாய்ந்தது. தரை வந்து முகத்தில் மோதியது.

பாக்கியம்தான் பார்த்து 108-க்கு ஃபோன் போட்டாள். ஆம்புலன்ஸில் சகாயராணிக்கு நினைவு முழுக்கப் போய்விடவில்லை. எல்லாம் கேட்டது. “ஆத்தா, கண்ணைத் தொறங்க” என்று பணியாள் கன்னத்தைத் தட்டுவது கேட்டது. “பிரஷர் எழுவதுதான் காட்டுது” என்பது கேட்டது. கடையிலிருந்து ஓடிவந்து உத்தமபாளையத்தில் வழிமறித்து ஏறிக்கொண்ட திரிஷா, “அம்மா, அம்மா” என்று கத்துவது கேட்டது. கண்ணைத் திறக்க வேண்டும் என்று நினைத்தாள். இமை அவள் சொன்னதைக் கேட்கவில்லை. வாயும் கேட்கவில்லை. உள்ளே ஒருத்தி எழுந்து நின்று கதவை இடித்துக்கொண்டிருக்க, வெளியே ஒருவருக்கும் சத்தம் கேட்கவில்லை. இத்தனை வருடமும் இப்படித்தானே இருந்தேன் என்று அந்த நேரத்திலும் ஒரு நினைப்பு ஓடியது.

தேனியில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சர்க்கரை நாற்பத்தாறுக்கு இறங்கியிருந்தது. குளுக்கோஸ் ஏற்றியதும் கண் திறந்தாள். ரத்தத்தில் உப்பு மிக மோசமாகக் குறைந்திருந்தது. வாந்தியினால் இருக்கும் என்று எழுதிவைத்து, பெண்கள் மருத்துவ வார்டில் ஜன்னலோரக் கட்டிலில் போட்டார்கள். சலைன் போகப் போகவும் பிரஷர் தொண்ணூறைத் தாண்டவில்லை.

மறுநாள் காலை ரவுண்ட்ஸ் வந்த டாக்டரின் பெயர் உமாதேவி. ஐம்பதை ஒட்டிய வயது. போடிப் பக்கத்து விவசாயக் குடும்பம். பயிற்சி டாக்டர் ஒருத்தி கேஸ் ஷீட்டைப் படித்தாள். வாந்தி, காய்ச்சல், தைராய்டு, உப்புக் குறைவு. உமாதேவி அதைக் கேட்டுக்கொண்டே சகாயராணியின் முகத்தைப் பார்த்தார். வெளிறிப்போன, மெழுகு மாதிரியான முகம். கண்ணோரத்தில் மெல்லிய சுருக்கங்கள். பாதிப் புருவம். பிறகு கட்டிலோர ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ரவுண்ட்ஸில் டாக்டர் உட்காருவதைப் பக்கத்துக் கட்டில்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

“எத்தனை பிள்ளைகம்மா?”

“ரெண்டு.”

“கடைசிப் பிரசவம் எப்போ?”

சகாயராணி தலைமாட்டில் நின்ற திரிஷாவைக் கண்ணால் காட்டினாள். “இவதான். பத்தொம்பது வருசமாச்சு.”

“பிரசவத்துல ரத்தம் ரொம்பப் போச்சா?”

“நாலு பாட்டில் ஏத்துனாக டாக்டரம்மா. பொழச்சதே பெரிசுன்னு சொன்னாக.”

உமாதேவி பேனாவை மூடினார். “இந்தப் பிள்ளைக்குப் பால் குடுத்தீங்களா?”

சகாயராணிக்கு, வாந்திக்கு வந்த இடத்தில் இதை எதற்குக் கேட்கிறார்கள் என்று புரியவில்லை. ஏதோ பழைய குற்றத்தைக் கண்டுபிடித்துவிட்ட மாதிரி இருந்தது. “ஊறலை” என்றாள். “மூத்தவனுக்கு ரெண்டு வயசு வரைக்கும் குடுத்தேன். இவளுக்கு ஒரு சொட்டு வரலை.”

“அதுக்கப்புறம் மாசாமாசம் தீட்டு வந்துச்சா?”

“இல்ல.”

“ஒருதடவைகூட?”

“இல்ல டாக்டரம்மா.”

“இதை எந்த டாக்டர்கிட்டயாவது சொன்னீங்களா?”

“யாரும் கேக்கலை.”

உமாதேவி தடுப்புத் திரையை இழுக்கச் சொல்லி, அக்குளில் முடி உதிர்ந்திருப்பதைப் பார்த்தார், தோலைத் தொட்டுப் பார்த்தார். பிறகு பயிற்சி டாக்டரிடம், “இப்பவே கார்ட்டிசோலுக்கு ரத்தம் எடும்மா. எடுத்த கையோட ஸ்டீராய்டு ஊசி போட்ரு. ரிசல்ட் வர்ற வரைக்கும் காத்துக்கிட்டு இருக்காத. தைராய்டு மாத்திரையை நிறுத்து. உப்பை மெதுவாத்தான் ஏத்தணும், அவசரப்பட்டு ஏத்துனா மூளைக்கு ஆபத்து” என்று ஒவ்வொன்றாகச் சொன்னார்.

அன்று மத்தியானம் மூன்று மணி இருக்கும். சகாயராணி கண்ணைத் திறந்து, “பசிக்குது” என்றாள். திரிஷாவுக்கு முதலில் யார் சொன்னது என்று தெரியவில்லை. அம்மா வாயிலிருந்து அந்த வார்த்தையை அவள் கேட்டதே இல்லை. கேன்டீனுக்கு ஓடி நாலு இட்லி வாங்கி வந்தாள். நாலும் போய், அம்மா இன்னும் இரண்டு வாங்கி வரச் சொன்னாள். கட்டிலில் சாய்ந்துகொள்ளாமல் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

மூன்று நாள் கழித்து ரிசல்ட்டும் ஸ்கேனும் வந்தன. ஆரோக்கியசெல்வமும் லீவு போட்டுவிட்டு வந்திருந்தான். உமாதேவி மூன்று பேரையும் வைத்துச் சொன்னார்.

“மூளைக்கு அடியில பட்டாணி அளவுல ஒரு சுரப்பி இருக்கு. தைராய்டு, கர்ப்பப்பை, பால் சுரக்கிறது, தெம்பு எல்லாத்துக்கும் அதுதான் உத்தரவு குடுக்கும். பிரசவத்துல ரத்தம் அவ்வளவு போனப்ப அதுக்கு ரத்தம் கிடைக்கலை. அது அப்பவே கருகிப் போச்சு. ஸ்கேன்ல அந்த இடம் காலியா இருக்கு. வழக்கமா எடுக்குற தைராய்டு டெஸ்ட் இந்த நோயில ஏமாத்திரும், சரியா இருக்குற மாதிரியே காட்டும்.”

“அப்ப அந்தத் தைராய்டு மாத்திரை?” என்று திரிஷா கேட்டாள்.

“மாத்திரை தப்பில்ல. ஆனா ஸ்டீராய்டு முன்னாடி, அது பின்னாடி. மாத்திக் குடுத்தா ஒடம்புல தானா ஊறுற கொஞ்சநஞ்ச ஸ்டீராய்டையும் இழுத்துரும். அதான் விழுந்துட்டாங்க.”

ஆரோக்கியசெல்வம் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். பிறகு மெதுவாக, “அப்ப இவ சும்மா படுத்துக் கெடக்கலையா?” என்று கேட்டான்.

“இந்த ஒடம்பை வச்சுக்கிட்டு இவங்க எந்திரிச்சு நடந்ததே எனக்கு ஆச்சரியமா இருக்கு” என்றார் உமாதேவி.

அவன் வார்டை விட்டு வெளியே போய்விட்டான். வெகுநேரம் வரவில்லை. வந்தபோது கையில் ஒரு பை நிறைய ஆரஞ்சு. மன்னிப்பு என்று எதுவும் சொல்லவில்லை. இனியும் சொல்லப்போவதில்லை என்று அவளுக்குத் தெரியும். உரித்த சுளைகளை ஒவ்வொன்றாக அவள் கையில் வைத்துக்கொண்டே இருந்தான். அவளும் வாங்கித் தின்றுகொண்டே இருந்தாள்.

டிஸ்சார்ஜ் அன்று சகாயராணி கேட்டாள்: “இந்த ஸ்டீராய்டு மாத்திரையை எப்ப நிறுத்தலாம் டாக்டரம்மா?”

“நிறுத்தவே கூடாது. காலையில ஒண்ணு, சாயந்திரம் நாலு மணிக்கு அரை. ஒருநாள்கூட விடக் கூடாது. காய்ச்சல் வந்தா ரெண்டு மடங்கு. வாந்தி வந்து மாத்திரை தங்கலைன்னா எந்த ஆஸ்பத்திரியா இருந்தாலும் போய் ஊசி போட்டுக்கணும். அந்த நேரத்துல யோசிச்சுக்கிட்டு உக்காரக் கூடாது.” நோயின் பெயர், ஊசியின் பெயர், வார்டு ஃபோன் நம்பர் எல்லாம் எழுதி ஒரு அட்டை கொடுத்தார். “இது எப்பவும் மணிபர்ஸ்ல இருக்கணும்.”

ஒரு கட்டிலிலிருந்து எழுப்பிவிட்டு ஒரு கடிகாரத்தில் கட்டிப்போட்டிருக்கிறார்கள் என்று சகாயராணி நினைத்துக்கொண்டாள். இருந்தாலும் அட்டையை வாங்கிக்கொண்டாள்.

ஒரு மாதத்தில் குரல் திரும்பியது. ஸ்வெட்டர் பரணுக்குப் போனது. ஆனால் வீடு மாறவில்லை. காலை ஐந்து மணிக்கு அவள் அடுப்படிக்குப் போனால் திரிஷா அங்கே நின்றுகொண்டிருப்பாள். “நீ போய்ப் படும்மா.” “எனக்குத் தூக்கம் வரலை.” “சரி, சும்மாவாச்சும் உக்காரு.” கத்தியை எடுத்தால் பிடுங்குவாள். தண்ணீர்க் குடத்தைத் தூக்கினால் ஆரோக்கியசெல்வம் ஓடிவந்து வாங்கிக்கொள்வான். பாக்கியம் இப்போது அவளை நோயாளி என்று ஒப்புக்கொண்டுவிட்டதால் வாசலைக்கூடக் கூட்ட விடவில்லை. “ஸ்டீராய்டு சாப்புடுற ஒடம்பு” என்று தெருவுக்கே சொல்லிவைத்திருந்தாள். சோம்பேறி என்றபோது இருந்த அதே பாயில், இப்போது பாவம் என்று உட்காரவைத்தார்கள். முன்பு உடம்பு விடவில்லை. இப்போது உடம்பு விட்டது, வீட்டார் விடவில்லை.

அவளுக்கு இன்னொன்று உறுத்தியது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து திரிஷா அவள் முகத்தை நேராகப் பார்ப்பதில்லை. மாத்திரையைக் கொடுக்கும்போதுகூடத் தம்ளரைப் பார்த்துத்தான் கொடுத்தாள்.

ஐப்பசி மழையில் ஊரெல்லாம் காய்ச்சல். ஒரு வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு சகாயராணிக்கு உடம்பு கொதித்தது. இரண்டு மடங்கு மாத்திரை போட்டாள். கால்மணி நேரத்தில் வாந்தி எடுத்தாள். இன்னொரு தடவை போட்டாள், அதுவும் வந்துவிட்டது. வீட்டில் யாருமில்லை. ஆரோக்கியசெல்வம் பஸ்ஸோடு போயிருந்தான். பாக்கியம் மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். திரிஷாவின் ஃபோன் அடித்து அடித்து நின்றது; கடையில் பில் போடும்போது ஃபோன் எடுக்க விடமாட்டார்கள். தலை சுற்ற ஆரம்பித்தது. பாய் பக்கத்திலேயே இருந்தது. கொஞ்சம் படுத்துப் பார்க்கலாம், அதற்குள் யாராவது வந்துவிடுவார்கள் என்று உடம்பு பழக்கத்தில் கீழே இழுத்தது.

அவள் மணிபர்ஸை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்துத் தெருவுக்கு வந்தாள். தெருமுனையில் நின்ற தவசியின் ஆட்டோவில் ஏறி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு விடச் சொன்னாள்.

அங்கே டாக்டர் முகாமுக்குப் போயிருந்தார். நர்ஸ் மாரீஸ்வரி மட்டும் இருந்தாள். வரிசை வாசல்வரை நின்றது. “காய்ச்சல்தானக்கா? இங்கன உக்காருங்க. உப்புக் கரைசல் தாரேன், குடிங்க” என்றாள்.

சகாயராணி உட்காரவில்லை. அட்டையை நீட்டினாள். “எனக்கு ஸ்டீராய்டு ஊசி போடணும். இப்பவே.”

மாரீஸ்வரி அட்டையைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். “அதெல்லாம் டாக்டர் சொல்லாம போடமாட்டோம்க்கா.”

“அதுல டாக்டரோட வார்டு நம்பர் இருக்கு. ஃபோன் போடுங்க.”

“வரிசையில இவ்வளவு பேரு நிக்கிறாக—”

“நான் விழுந்துட்டா நீங்க எழுப்ப முடியாது தாயி.” மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். “பிரஷரைப் பாருங்க மொதல்ல. பாத்துட்டு ஃபோனைப் போடுங்க. நான் இந்த இடத்தை விட்டு நகர மாட்டேன்.”

தன் குரலைத் தானே கேட்டு அவளுக்குத் திகைப்பாக இருந்தது. வரிசையில் நின்ற இரண்டு பெண்கள் அவளைத் தாங்கிப் பிடித்தார்கள். பிரஷர் எண்பது. அதைப் பார்த்ததும் மாரீஸ்வரி முகம் மாறி, ஃபோனை எடுத்தாள். வார்டில் பேசியவர்கள் இரண்டே நிமிடத்தில் உமாதேவியிடம் கொடுத்தார்கள். அவசரத் தட்டிலேயே ஊசி மருந்து இருந்தது. நரம்பில் ஏற்றி, சலைனும் போட்டாள். “மன்னிச்சுக்கங்கக்கா” என்றாள் தணிந்து. ஃபோன் நம்பர் வாங்கி அவளே ஜவுளிக்கடைக்கும் தகவல் சொன்னாள்.

திரிஷா ஓடிவந்தபோது மணி ஒன்று. கடை சீருடை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. சகாயராணி பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்து பன்னைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தாள்.

“ஒனக்குக் கூறு இருக்கா? தனியா யாரு வரச்சொன்னா? வழியில விழுந்திருந்தா?”

“விழலையே.”

“விழுந்திருந்தா?” என்று கத்தியவள் அப்படியே தரையில் உட்கார்ந்து அழத் தொடங்கினாள். மாரீஸ்வரி வரிசையை மறுபக்கம் திருப்பிவிட்டாள். “நான் பொறந்ததுனாலதான் ஒனக்கு இப்புடி. அந்த டாக்டரம்மா சொன்னதுல இருந்து எனக்கு ஒறக்கமே இல்ல. பத்தொம்பது வருசமும் என்னாலதான். சின்னதுல நானே ஒன்னைய எத்தனை தடவை சோம்பேறின்னு வஞ்சிருக்கேன்.”

சகாயராணி சலைன் போகாத கையால் அவள் தலையைத் தன் முழங்காலோடு சாய்த்துக்கொண்டாள்.

“ரத்தம் போனது என் ஒடம்புல இருந்து. நீயா வந்து எடுத்த?” என்றாள். “ஒண்ணு கேட்டுக்க திரிஷா. ஒன்னால எனக்கு ஒண்ணும் ஆகலை. என்னால ஒனக்குத்தான் ஆச்சு. நீ முக்காலி போட்டு சோறு வடிச்சப்ப நான் படுத்துக்கிட்டே பாத்துக்கிட்டு இருந்தேன். கண்ணு நல்லாத்தான் தெரிஞ்சுச்சு. எந்திரிக்கத்தான் முடியலை.”

மழை தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது.

“வர்ற வருசம் நர்சிங்குக்குப் போடு” என்றாள் சகாயராணி.

“ஒன்னைய—”

“என்னையப் பாத்துக்கிற அட்டை என்கிட்ட இருக்கு. இன்னைக்கு யாரு என்னையக் கூட்டியாந்தா?”

திரிஷா மூக்கைத் துடைத்துக்கொண்டு, அம்மாவின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

இந்த ஆனியில் அவள் மதுரைக்குப் போய்ச் சேர்ந்தாள். முதலில் கிடைத்த கல்லூரி இல்லை, வேறொன்று. மூன்று வருடத் தாமதம். விடுதியில் அவளோடு இருப்பவர்கள் எல்லாம் வயதில் சின்னவர்கள். அக்கா என்று கூப்பிடுகிறார்களாம். ஃபோனில் அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். சிரிப்பு முடிந்த பிறகும் சகாயராணி ஃபோனைக் காதிலேயே வைத்திருந்தாள்.

வீட்டில் இப்போது அவளும் ஆரோக்கியசெல்வமும்தான். அவன் கட்டில் இன்னும் முன்னறையில்தான் கிடக்கிறது. அதைப் பற்றி இருவரும் பேசவில்லை. பேச ஆரம்பித்தால் எங்கே கொண்டுபோய் விடும் என்று இருவருக்கும் பயம். சமையல் அவளுடையது. முதல் நாள் குழம்பில் உப்பு கூடிவிட்டது. அவன் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டான். “உப்பு கூட இருந்தா சொல்லுங்க” என்றாள் அவள் கொஞ்சம் வேகமாகவே. அவன் நிமிர்ந்து பார்த்து, “கூடத்தான் இருக்கு” என்றான். அந்த வீட்டில் ரொம்ப நாளைக்குப் பிறகு அவளிடம் சொல்லப்பட்ட முதல் குறை அது. அவள் தட்டை வாங்கி, சோறு இன்னும் கொஞ்சம் போட்டுப் பிசைந்து கொடுத்தாள்.

மாதம் ஒருதடவை தேனிக்கு அவளே பஸ் ஏறிப் போய் வருகிறாள். மருந்து வாங்க இரண்டு மணிநேரம் வரிசையில் நிற்க வேண்டும். நிற்கிறாள். போன தடவை அவளுக்கு முன்னால் ஒரு சின்னப் பெண் கைக்குழந்தையோடு நின்றிருந்தாள். முகம் வெளுத்திருந்தது. பால் புட்டி பையிலிருந்து எட்டிப் பார்த்தது. சகாயராணி ரொம்ப நேரம் யோசித்தாள். கேட்டால் என்ன நினைப்பாளோ என்று தயங்கினாள். பிறகு அவள் தோளைத் தொட்டு, “ஏத்தா, பிள்ளைக்குத் தாய்ப்பால் குடுக்கிறியா?” என்று கேட்டாள்.

“குடுக்குறேன்க்கா. இது தண்ணிக்கு” என்றது அந்தப் பெண்.

“நல்லது” என்று சொல்லிவிட்டு, சகாயராணி தன் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் ஓரடி முன்னால் நகர்ந்தாள்.